இடுப்பில் தொங்கிய கேமரா

கால்பந்து இறுதிப் போட்டியைப் படமெடுக்க வந்த லூர்துவிடம் இரண்டு கேமராக்கள் இருந்தன. பீரங்கி மாதிரி நீண்ட லென்ஸ் பூட்டிய பெரியது, தூரத்து ஆட்டத்தையெல்லாம் சுட்டுத் தள்ளியது. கிட்டத்தில் வருகிறவர்களைப் பிடிக்க வேண்டிய சின்னது அவர் இடுப்பில் தொங்கியது.

சின்னதுக்கு ஒரே பதைப்பு. “திடீர்னு கூப்பிட்டா என்ன பண்றதுண்ணே?”

“கூப்பிட்டா முழிச்சுக்கலாம். வேலையில்லாதப்ப தூங்குறதுதான்டா நம்ம வழக்கம்” என்றது பெரியது.

“நான் கண்ணசந்த நேரம் பாத்துக் கூப்பிட்டுட்டா?”

சின்னது தூங்கவில்லை. திரையை எரியவிட்டபடி புல்லைப் பார்த்தது, லூர்துவின் முழங்காலைப் பார்த்தது, எல்லாவற்றுக்கும் ஃபோகஸைச் சரிசெய்துகொண்டே இருந்தது. இடைவேளைக்குள் பேட்டரி பாதியாகிவிட்டது. அந்தக் கவலையில் இன்னும் நன்றாக விழித்துக்கொண்டது.

கடைசி நிமிடத்தில் கோல் விழுந்தது. அடித்தவன் அழுதுகொண்டே ஓடிவந்து, நேராக லூர்துவின் முன்னால் மண்டியிட்டான். அவ்வளவு கிட்டத்தில் பெரியதுக்குக் கண் தெரியாது.

“தம்பி, உன்னைத்தான்டா!” என்று அது கத்தியது. லூர்து சின்னதைத் தூக்கிப் பொத்தானை அழுத்தினார்.

திரை இருட்டாகவே இருந்தது. அடித்தவனின் வியர்வை ஒரு சொட்டு லென்ஸில் விழுந்தது. ‘நான் தூங்கவே இல்லையேண்ணே’ என்று சொல்லக்கூடச் சின்னதிடம் சார்ஜ் இல்லை.