வாசலுக்கு வெளியே சாம்பிராணி

கடல்நீர்த் தொட்டியில் பவளங்கள் செத்து வெளுத்த அன்று தயாபரன் மனைவியைப் பார்த்துக் கத்தினான்: "வெள்ளிக்கிழமை ஆனா வீடு பூரா புகை போட்டா எதுதான் உயிரோட இருக்கும்?" அடுத்த வெள்ளியிலிருந்து மேகலா சாம்பிராணிக் கரண்டியைக் கதவுக்கு வெளியே கொண்டுபோய், மாடிப்படியில் நின்று, புகை உள்ளே வராதபடி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

பவளங்களைக் கொன்றது புகை இல்லை. தொட்டி நீரைச் சோதித்துப் பார்த்தபோது அதில் செம்பு கரைந்திருந்தது. ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக, செப்புக் குடத்தில் இரவெல்லாம் வைத்த தண்ணீரைத் தினமும் ஊற்றியவன் அவன்தான். மனிதனுக்கு நல்லதென்றால் பவளத்துக்கும் நல்லதுதானே என்று யாரையும் கேட்காமல் செய்தான். பவளத்துக்குச் செம்பு விஷம். அதை அவளிடம் சொல்ல நா எழவில்லை. பழைய நீரையும் மணலையும் கொட்டினான், தொட்டியைத் தேய்த்தான், புதிதாக உப்பு கலந்து காத்திருந்தான். இன்று கட்டைவிரல் அளவில் ஒரு பவளத்தை உள்ளே வைத்தான். அது தயங்கித் தயங்கி விரிந்தது.

அப்போது மேகலா வந்தாள். இடுப்பில் புளி போட்டுத் தேய்த்த செப்புக் குடம்.

"ஏங்க, தண்ணி கொஞ்சம் இறங்கியிருக்கு. நீங்க ஊத்துற மாதிரியே ராத்திரியே பிடிச்சு வெச்சுட்டேன். இனிமே நானே பாத்துக்கறேன். என்னாலதானே எல்லாம் போச்சு."

அவள் குடத்தைச் சாய்த்தாள். அவன் பாய்ந்து அதன் வாயை உள்ளங்கையால் பொத்தினான். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்து தரையில் சொட்டியது.

மேகலா பதறிக் குடத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இதுவும் தப்பாங்க?"