கை பொறுக்கும் சூடு

காலை வெயில் ஜன்னல் வழியே தேன் பீப்பாயின் மேல் விழுகிறது. உள்ளே தேன் நெய்போல் வெளுத்து உறைந்து கிடக்கிறது. பீப்பாய் நிற்கும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் அடுப்பு மெல்ல உறுமுகிறது. நாத்தனார்க்காரி முக்காலியில் தன் இரண்டு கைகளின் மேலேயே உட்கார்ந்திருக்கிறாள். போன பீப்பாயில் அவசரப்பட்டு அடுப்பைக் கூட்டிய கைகள் அவை. தேன் முழுக்கக் கறுத்துக் கசந்துபோனது. இந்த வருஷத்துக்கு மிச்சம் இது ஒன்றுதான். சூடு கண்ட பூனையாக அவள் அடுப்புப் பக்கமே போவதில்லை. அண்ணி தொட்டித் தண்ணீரில் விரல் விட்டுப் பார்க்கிறாள். "கை பொறுக்குது. இந்தச் சூடு போதும்." "எப்ப உருகும் அண்ணி?" "அதுக்கா தோணும்போது." பீப்பாயின் ஓரத்தில் பொன்னிறமாக ஒரு வளையம் கசிய, நடுவில் வெள்ளைக் கட்டி அசையாமல் நிற்கிறது. அண்ணி முந்தானையில் கையைத் துடைத்தபடி எழுகிறாள். "பாட்டில் கழுவிட்டு வரேன். அடுப்பை நீ பாத்துக்க." "நானா?" "பின்னே, பூனையா பாக்கும்?" செருப்புச் சத்தம் தேய்ந்து மறைகிறது. அவள் ஒரு கையை மெல்ல உருவித் தண்ணீரில் வைக்கிறாள். பொறுக்கிறது. அடுப்பைத் தொடவில்லை. வெள்ளைக் கட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, சோம்பலாகத் திரும்பி, தேனுக்குள் அமிழ்கிறது. இன்னொரு கை எப்போது வெளியே வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.