தவளை ஏறிய நடுக்கல்

அந்தக் குளத்தில் வழக்கு என்று வந்துவிட்டால் ஏழு பிராணிகள் கூடி உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆமை முனகும். "நூத்தி இருபது வயசாச்சு. இனிமேலாவது என்னை விட்டுடுங்கப்பா."

"நீங்க இல்லாமலா?" என்று மற்றவை பதறும். உடனே ஆமை போய் தலைவருக்கான நடுக்கல்லில் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த வருஷம் புதுச் சட்டம் வந்தது. நூறு வயது தாண்டியவர்கள் விரும்பினால் விலகிக்கொள்ளலாம். ஓர் இலையில் கால்தடம் வைத்தால் போதும்.

காகம் கொக்கின் மீனைத் திருடிய வழக்கு வந்தது. ஆமை வழக்கம்போல முனகியது. அணில் ஓடிவந்து தாமரை இலையை நீட்டியது.

"இதுல ஒரு தடம் வைங்க பெரியவரே. வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குங்க."

ஆமை சுற்றிலும் பார்த்தது. யாரும் பதறவில்லை. தவளை ஏற்கெனவே நடுக்கல்லில் ஏறி, சௌகரியமாக இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"சட்டத்துல எத்தனை வயசுன்னு போட்டிருக்கு?"

"நூறு."

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு வெளியே நீட்டியது.

"எனக்கு வர்ற தை மாசம்தான் தொண்ணூத்தி ஒன்பது முடியுது. அந்தத் தவளையை இறங்கச் சொல்லு."