இரண்டாம் நடை

"சாவியைத் தாங்கோ மாமி! வெள்ளம் ஏறுது!"

உழவு இயந்திரக்காரன் சதீஸ் கெஞ்சினான். கமலாசனி வண்டியில் பிடுங்கிய சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அசையாமல் நின்றார்.

குளத்தின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். இழுவைப் பெட்டி நிறையச் சனம், மூட்டை, இரண்டு ஆடு.

கிராம அலுவலர் மேனுகா ஓடி வந்தாள். வெளியேற்றும் திட்டம் அவள் போட்டது. முதல் நடையில் முன் வீதிச் சனம், திரும்பி வந்து இரண்டாம் நடையில் பின் ஒழுங்கைச் சனம். வரைபடத்தில் நிறமெல்லாம் தீட்டி வைத்திருந்தாள்.

"என்னம்மா பிரச்சினை?"

"பின்வளவுத் தங்கராசா ஏறாமல் நான் ஏறமாட்டன்."

"பின் ஒழுங்கையில மிச்சம் அவர் மட்டும்தானே. ரெண்டாம் நடையில ஏத்துவம்."

"அதுதான் பிள்ளை! நான் அங்கால போக, அந்த மனுசன் எல்லை வேலியை இங்கால அரக்கிப்போடும்."

பெட்டி கொந்தளித்தது. இந்த வேலிச் சண்டை மத்தியஸ்த சபை வரை போய் வந்தது, ஊருக்கே தெரியும்.

"உயிர் போகப்போகுது, உவவுக்கு ஒரு முழக் காணி!" என்று பெட்டிக்குள் இருந்து பல்லைக் கடித்தாள் அயல்வீட்டுப் பத்மாசனி.

"அந்தாள் கால் முறிஞ்செல்லோ கிடக்கு மாமி. எப்பிடி அரக்கும்?" என்றான் சதீஸ்.

"தவண்டெண்டாலும் போய் அரக்கும். இப்பவே வேலிக் கதியால் பிடுங்குதோ தெரியாது. போய்ப் பாருங்கோவன்!"

அவ்வளவுதான். நாலு பேர் குதித்து ஓடினார்கள்.

திரும்பும்போது தங்கராசாவைக் கதிரையோடு, சுவாமி காவுவதுபோல் காவிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் கட்டிலைத் தொட்டுவிட்டதாம். அவர் மேலே இருந்தபடியே கத்தினார்.

"அவ ஏறிட்டாவோ? முதல்ல அவவை ஏத்துங்கோ! நான் இல்லாத நேரம் வேலியை அரக்கிப்போடுவா!"

"மனுசரே இதுகள்!" பத்மாசனி தலையில் அடித்துக்கொண்டாள்.

சாவி கிடைத்தது. வண்டி மதகைக் கடந்து பள்ளிக்கூட மேட்டில் ஏறியது. மேனுகா திரும்பிப் பார்த்தாள். மதகைக் காணவில்லை, அதற்கு மேலால் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் நடை இனி இல்லை.

மெல்லக் கமலாசனிக்குப் பக்கத்தில் போனாள்.

"அவரைக் காப்பாத்தத்தானோ அம்மா மறிச்சனீங்கள்? நேராச் சொல்லியிருக்கலாமே."

கமலாசனி தங்கராசாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"காலமையே சொன்னன் பிள்ளை. நீங்கள் வரைபடத்தைக் காட்டினீங்கள். வேலிச் சண்டை எண்டவுடனே பாத்தீங்களே, நாலு பேர் விழுந்தடிச்சு ஓடினவை!"