பேசும் மீட்டர்

ஞானதுரைக்குப் பார்வை கிடையாது. தொலைதூர நண்பர்களோடு பேச வைத்திருக்கும் தன் ஹாம் ரேடியோவை அவர் பழுதுபார்க்கும்போதெல்லாம் மனைவி ரூபி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்று சொல்லவேண்டும். அதற்காகவே, அவரிடம் ரேடியோ கற்கும் மாணவி இளவேனி, அளவை வாய்விட்டுச் சொல்லும் மீட்டர் ஒன்றைச் செய்து கொண்டுவந்தாள். எண்களுக்குத் தன் குரலையே பதிவுசெய்திருந்தாள்.

“பன்னிரண்டு புள்ளி நான்கு” என்றது மீட்டர்.

“இனிமே பால் பொங்கி வழிஞ்சா உங்களக் குறை சொல்ல முடியாது” என்று ரூபி முக்காலியோடு சமையலறைக்குப் போனாள்.

அவர் தனியாக அளந்துகொண்டே போனார். முகமெல்லாம் சிரிப்பு. திடீரென்று மீட்டரின் பேச்சு நின்றுபோனது. முனைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

“ரேடியோல கோளாறா பாப்பா?”

“இல்ல சார். மீட்டர்ல பேட்டரி குறைஞ்சிருச்சு.”

“எப்படிச் சொல்றே?”

“சிவப்பு லைட் எரியுது சார்.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. அவருடைய விரல்கள் பெட்டியைத் தடவி, அந்தச் சின்ன விளக்கைக் கண்டுபிடித்து, அதன்மேல் நின்றன.

“சூடே இல்லையேம்மா” என்றார்.

இளவேனி தலைகுனிந்தாள். சமையலறையிலிருந்து முக்காலி இழுபடும் சத்தம் அவர்களை நோக்கி வந்தது.