ஒரு புள்ளி மிச்சம்

வதந்தியை மறுத்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே காட்டும் சுவர் ஒன்று தமயந்தியின் அலுவலகத்தில் இருந்தது. அன்றைய வதந்தி, பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவன் பாண்டித்துரை பிள்ளை பிடிக்கிறவன் என்பது. சுவர் வரைபடத்தில் அவர்கள் தெருவில் மட்டும் சில சிவப்புப் புள்ளிகள்; ஒவ்வொன்றும் அதை நம்பும் ஒருவர்.

கணவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுப்பை எழுதிச் சுவரில் போட்டுப் பார்த்தாள். மதுரை சிவந்தது. பிறகு கடற்கரை வரைக்கும் தமிழ்நாடே சிவந்து ஜொலித்தது. பாண்டித்துரை அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆத்தாடி! அனுப்பாத தமயந்தி, தானா அடங்கிரும்."

மறுப்பை அழித்தாள்; சிவப்பு மறுபடி தெருவுக்குள் சுருங்கியது. மாலைக்குள் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒன்று மட்டும் எரிந்தது. ஒன்றுதானே என்று கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை பாண்டித்துரை வேனைக் கிளப்பி ஹாரன் அடித்தான். மகள் புத்தகப்பையோடு வாசற்படியிலேயே நின்றாள்.

"நான் நடந்தே போய்க்கிறேன்ப்பா."