நாலு மணி அலாரம்

பூதம் பாலத்தை மறித்துக்கொண்டு நின்ற நேரம் பார்த்து நாலு மணி அலாரம் அடித்தது.

லிஃப்ட் மெக்கானிக் கையில் பகடையோடு திருதிருவென்று விழித்தான். உருட்ட வேண்டிய முறை அவனுடையது. ஹெட்ஃபோனுக்குள் நாலு பேர் காத்திருந்தார்கள்.

"ஒரு நிமிஷம், வந்துடறேன்" என்றான். மைக்கை அணைக்கத் திரையில் அவசரமாகத் தட்டிவிட்டு, வயர் இல்லாத ஹெட்ஃபோனைக் கழுத்தில் இறக்கிக்கொண்டு எழுந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் இணையத்தில் கூடி ஆடும் கதை விளையாட்டு இது. ஆளுக்கு ஒரு வேடம், கதையை நடத்த ஒருவர். அடி விழுமா தப்புமா என்பதைப் பகடை சொல்லும். இன்று இந்தக் குழுவில் அவனுக்குச் சோதனை ஆட்டம். பிடித்திருந்தால் சேர்த்துக்கொள்வார்கள், இல்லையென்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள்.

ஏற்கெனவே மூன்று குழுக்களைப் பார்த்தாகிவிட்டது. வாடகைக்கு வீடு தேடினால்கூட இத்தனை அலைச்சல் இருக்காது.

முதல் குழுவில் எல்லாம் வெட்டுக்குத்து. கதவைத் தட்டிப் பார்க்கலாமே என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் அங்கே கதவு இருக்காது.

இரண்டாவது குழுவில், இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து ஓடுகிற ஆளை வைத்துக்கொண்டு எப்படி ஆடுவது என்று நேராகவே கேட்டுவிட்டார்கள்.

மூன்றாவதில் காரணத்தைச் சொல்லித் தொலைத்தான். அது இன்னும் மோசம். அன்றிலிருந்து எல்லோரும் அவனிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். பூதங்கள்கூட அவனை அடிக்கக் கூச்சப்பட்டன. அடியே விழாத ஆட்டத்தில் என்ன இருக்கிறது? இரண்டு வாரத்தில் அவனே கழன்றுகொண்டான்.

இந்த நாலாவது குழு அவனுக்கு ரொம்பவே பிடித்துப் போயிருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது.

இன்றைய கதையில், குகைக்குள் இறங்கும் கூண்டில் ஏறுவதற்கு முன்னால், கயிற்றையும் கப்பியையும் சோதித்தே தீருவேன் என்று கால் மணி நேரம் அடம்பிடித்தான். தொழில் புத்தி எங்கே போகும்? ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. கதை நடத்தும் கெமிஸ்ட்ரி டீச்சர் அவனுக்காகவே கயிற்றில் ஒரு இழையை அறுத்து வைத்தார். மந்திரவாதி வேடத்தில் வரும் பேக்கரிக்காரர், நல்லவேளை நீங்கள் வந்தீர்கள் என்றார்.

அந்த ஒரு வார்த்தையை அவன் மதியம் முழுக்க மனசுக்குள் வைத்திருந்தான். இந்த முறை வாயைத் திறந்து காரணம் சொல்லப்போவதில்லை.

பக்கத்து அறையில் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். படுத்த படுக்கையாகிப் பதினாறு மாதம். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிவிடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை கொடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினான். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தான். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டான்.

உடம்புதான் ஒத்துழைக்கவில்லையே தவிர, வாய்க்கும் காதுக்கும் ஒரு குறையும் இல்லை.

"பாலத்துல என்னடா ஆச்சு?"

"ஒரு பூதம் நிக்குதுக்கா. வழி விடமாட்டேங்குது."

"சாப்பிட்டியான்னு கேட்டீங்களா? வர்றவன் எல்லாம் கத்தியைத் தூக்கிட்டே வந்தா அது என்னடா பண்ணும்?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து அடுத்தது வந்தது.

"இனிமே ஆறு மணிக்குத்தானே வருவே? அதுவரைக்கும் செத்துகித்து வைக்காதே."

நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் திரையைக் கவனித்தான். மைக் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அவசரத்தில் மைக்குக்குப் பதிலாகக் கேமராவை அணைத்திருக்கிறான். அக்கா பேசியது, அவன் பேசியது, கட்டில் கிரீச்சிட்டது, எல்லாமே கழுத்தில் தொங்கிய ஹெட்ஃபோன் வழியாக நாலு வீட்டுக்கும் போயிருக்கிறது.

அவ்வளவுதான். இனி "ஐயோ பாவம்" ஆரம்பிக்கும்.

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆனால் வந்தது அவர் குரல் இல்லை, பூதத்தின் கரகரத்த குரல்.

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட கேட்டதில்ல."

பேக்கரிக்காரர் பையிலிருந்து ரொட்டியை எடுத்து நீட்டினார். பூதம் தின்றது, மூக்கைச் சிந்தியது, நன்றி தாங்காமல் மெக்கானிக்கின் வீரனைத் தூக்கிக் கொஞ்சியது. கீழே விழாமல் இருக்கப் பகடை போடுங்கள் என்றார் டீச்சர்.

அவன் போட்டான். இருபது முகப் பகடையில் விழுந்தது ஒன்று, இருப்பதிலேயே மோசமான எண்.

பூதத்தின் கை நழுவி வீரன் தலைகீழாக ஆற்றில் போய் விழுந்தான். பாதி உயிர் போயிற்று. டீச்சர் ஒரு புள்ளிகூடச் சலுகை காட்டவில்லை. மற்ற மூன்று பேரும் உச்சுக் கொட்டாமல் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடி வாங்கியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது அவன் பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

ஆட்டம் மேலே ஓடியது. வீரன் தட்டுத்தடுமாறிக் கரையேறினான். தன்னைச் சேர்த்துக்கொண்டார்களா இல்லையா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. மன்னிப்புக் கேட்டபடியே கைப்பேசியைத் தேடி எடுத்து அணைத்தான்.

சத்தம் நிற்கவில்லை. மறுபடியும் பார்த்தான். அவனுடைய கைப்பேசி வாயை மூடிக்கொண்டுதான் இருந்தது.

ஹெட்ஃபோனுக்குள், நாலு வீடுகளில், நாலு அலாரங்கள் ஆளுக்கொரு ராகத்தில் அடித்துக்கொண்டிருந்தன.